கூடத்துச் சாவி யார் கையில்?

கிறிஸ்தவ தலித்துகள் வாழ்கிற பல சேரிகளில் ஓட்டு வீடுகளுக்கும் ஓலை வீடுகளுக்கும் நடுவே ஒரே ஒரு காரைக் கட்டடம் நிற்கும். அது சர்ச் நடத்துகிற சமூகக்கூடம். காலையில் பால்வாடி, பகலில் தையல் வகுப்பு, பொழுது சாய்ந்தால் ட்யூஷன், எப்போதாவது மருத்துவ முகாம், கிறிஸ்மஸ் வந்தால் சேலை, வேட்டி. வாசல் கல்லில் அடிக்கல் போட்ட ஆயர் பெயர், திறந்துவைத்தவர் பெயர், பணம் அனுப்பிய சபையின் பெயர் எல்லாம் வெட்டியிருக்கும். கல் சுமந்தவங்க பெயர் இருக்காது. அதெல்லாம் பழகிப்போச்சு. ‘என்னமோ நம்ம புள்ளைங்க நாலு எழுத்து படிக்குதே’ன்னு நம்ம சனம் கும்பிட்டுட்டுப் போயிடும்.

அந்த நாலு எழுத்தைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கமல்ல. ஊர்ப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில்கூட ஏறவிடாத காலத்தில் மிஷன் பள்ளிக்கூடம் எழுத்தைக் கொடுத்தது. அதை மறுப்பதற்கில்லை. நாம் கேட்பது வேறு. சேரிக்கு நடுவில் நிற்கிற கூடம் சேரிக்குச் சொந்தமா? அதன் சாவி யாரிடம் இருக்கிறது? உள்ளே என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று முடிவு செய்கிறவர் யார்? இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு இரண்டு பிரதிகளையும் ஒரு வரலாற்று நிகழ்வையும் வாசித்துப் பார்ப்போம்.

முதல் பிரதி பாமாவின் ‘கருக்கு’. 1992இல் வந்தது. அது நாவலா தன்வரலாறா என்று பட்டிமன்றம் நடத்தினார்கள். பேச்சு மொழியைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். அதில் வருகிற கட்டடங்களைப் பற்றிய பேச்சு மட்டும் குறைவுதான். தொடக்கத்திலேயே பாமா தன் ஊரை வரைபடம் போல விரித்துப் போடுகிறார். எந்தத் தெரு எந்தச் சாதி என்று சொல்லிக்கொண்டே வருகிறவர், தபாலாபீஸ், பஞ்சாயத்து ஆபீஸ், பால் டிப்போ, பெரிய கடைகள், பள்ளிக்கூடம், கோயில் எல்லாமே மேல்சாதித் தெருக்களில்தான் இருந்தன என்கிறார். கோயில் என்றால் இங்கே சர்ச். நம்ம சனம் சாமி கும்பிடணும்னாகூட அவங்க தெருவுக்குத்தான் போகணும். அவங்க நம்ம பக்கம் எட்டிப்பார்க்க வேண்டிய தேவையே கிடையாது.

இந்த வரைபடத்தை மனசில் வைத்துப் பார்த்தால் சமூகக்கூடத்தின் அர்த்தமே மாறிவிடுகிறது. பீடத்தை ஊரிலும் தர்மத்தைச் சேரியிலும் வைத்திருக்கிறார்கள். பூசை அங்கே, பால்பவுடர் இங்கே. முடிவு எடுக்கிற இடத்துக்கு நாம் நடந்து போகணும், உதவி மட்டும் நம்மைத் தேடி வரும். சேரிக்குள் கூடம் கட்டியதைச் சேரியை ஏற்றுக்கொண்டதற்குச் சாட்சியாகச் சொல்கிறார்கள். சேரியைச் சேரியாகவே வைத்துக்கொண்டும் அதைக் கட்டலாம் என்பதை ‘கருக்கு’ காட்டிக்கொடுக்கிறது.

மதில் சுவருக்கு உள்ளே நடப்பதையும் பாமா விடவில்லை. விடுதியில் எல்லாரையும் போலக் காசு கட்டித்தான் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் இந்தச் சாதிப் பிள்ளைகள் இங்கே வந்துதான் சதை போடுகிறார்கள் என்று பொறுப்பிலிருக்கும் சிஸ்டர் குத்திக்காட்டுகிறார். பின்னால் பாமா வேலை பார்த்த இடங்களில் வகுப்பு கூட்டுவது, கழுவுவது, கக்கூஸ் சுத்தம் செய்வது எல்லாம் தலித் பிள்ளைகள் தலையில். ஏழைகளுக்கு உழைக்கலாம் என்று 1985இல் மடத்தில் சேர்கிறார். ஏழ்மை வாக்குத்தத்தம் கொடுத்தவர்கள் வசதியாக வாழ்வதையும், பணக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் பணிவிடை செய்வதையும் பார்க்கிறார். 1992இல் வெளியே வந்துவிடுகிறார்.

நாம் கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்றும் உண்டு. வேதத்தில் இருக்கிற இயேசு அநியாயத்தை எதிர்த்துச் சத்தம் போட்டவர், ஒடுக்கப்பட்டவங்க பக்கம் நின்றவர். அந்த இயேசுவை நம்மிடம் காட்டாமல் மறைத்துவிட்டு, பணிவு, பொறுமை, கீழ்ப்படிதல் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது பாமாவின் குற்றச்சாட்டு. அப்படியானால் கூடம் எழுத்தை மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. எப்படி நிற்கணும், எப்படிக் கை கட்டணும், யாரைப் பார்த்தால் எழுந்திருக்கணும் என்பதையும் சேர்த்தேதான் கற்றுக்கொடுத்திருக்கிறது.

தர்மம் செய்கிறவனிடம் கணக்குக் கேட்பதை அமெரிக்கக் கருப்பர் இலக்கியம் 1940இலேயே செய்துவிட்டது. ரிச்சர்ட் ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ நாவலைச் சொல்கிறேன். சிகாகோவின் தென்பகுதி, கருப்பர்கள் அடைத்துவைக்கப்பட்ட பகுதி. ஒற்றை அறையில் தாய், இரண்டு மகன்கள், ஒரு மகள். அந்த அறைக்குள் ஓடுகிற எலியை மூத்தவன் பிக்கர் தாமஸ் அடித்துக் கொல்வதில் கதை தொடங்குகிறது. வாரத்துக்கு 8 டாலர் வாடகை. பிக்கருக்கு வேலை கொடுக்கும் வெள்ளைக்காரர் டால்டன் பெரிய தர்மவான். கருப்பர் கல்விக்கு லட்சக்கணக்கில் அள்ளிக் கொடுத்தவர். தென்பகுதிச் சிறுவர் மன்றத்துக்கு ஒரு டஜன் பிங்பாங் மேசை அனுப்பிவைத்ததைப் பெருமையாகச் சொல்கிறார். அதே டால்டன்தான் அந்த எலி அறைக்கு வாடகை வாங்குகிற நிறுவனத்தின் முதலாளி. ஏன் வாடகையைக் குறைக்கவில்லை என்று மரண விசாரணையில் கேட்கும்போது, போட்டிக்காரர்களைவிடக் குறைத்து விடுவது நியாயமாகாது என்கிறார். கருப்பர்களுக்கு வேறு பகுதியில் வீடு தருவதும் அங்கே வழக்கமில்லை.

அந்த மன்றம் சர்ச் நடத்தியதல்ல என்பது உண்மைதான். ஆனால் கணக்கு ஒன்றே. இடது கையால் வாடகை, வலது கையால் பிங்பாங். ரைட் இதைக் கற்பனையில் மட்டும் கண்டவரல்ல. 1930களில் அப்படியொரு சிறுவர் மன்றத்தில் வேலை பார்த்தவர். பணக்காரர்களின் சொத்தில் கை வைக்காமல் கருப்புப் பையன்களை விளையாட்டுக் காட்டி வைத்திருக்கத்தான் பணம் வருகிறது என்பதைக் கட்டுரையிலும் பச்சையாக எழுதினார். நாவலில் பிக்கரும் கூட்டாளிகளும் அந்த மன்றத்தில் உட்கார்ந்துதான் திருட்டுக்குத் திட்டம் போட்டார்களாம். பிங்பாங் பந்தை வைத்து எலியை ஓட்ட முடியாது என்று அந்தப் பையன்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் ஊரில் வாடகையைக் கேட்பது எப்படி? சேரியில் ட்யூஷன் நடத்துகிற சபை, நகரத்தில் பெரிய கல்லூரி நடத்துகிறது. அந்தக் கல்லூரியில் சேரிப் பிள்ளைக்கு எத்தனை இடம்? எத்தனை பேருக்கு வாத்தியார் வேலை? சிறுபான்மை நிறுவனம் என்பதால் சேர்க்கையில் இடஒதுக்கீடு கொடுக்கச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. இன்னொரு பக்கம் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவ தலித்தைப் பட்டியல் சாதி இல்லை என்கிறது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தவர்கள் கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. அரசாங்கமும் கையை விரித்து, சபையும் பெரிய கேட்டைச் சாத்திக்கொண்டால் மிச்சம் இருப்பது சமூகக்கூடம்தான். வேற போக்கிடம் இல்லாதவன்கிட்ட குடுக்கிற தர்மத்துக்கு அதிகாரம் ஜாஸ்தி. எதிர்த்துப் பேசினால் பிள்ளை ட்யூஷன் போயிடுமோன்னு அம்மா பயப்படுறா. அந்தப் பயத்தின் மேல்தான் கூடம் நிற்கிறது.

வேறு மாதிரி நடந்ததே இல்லையா? நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஓக்லாந்து என்ற ஊர். கருஞ்சிறுத்தைகள் கட்சி பிறந்த ஊர். அங்கே புனித அகஸ்டின் எபிஸ்கோபல் சர்ச்சின் குருவானவர் ஏர்ல் நீல், அவரும் கருப்பர். 1969 ஜனவரியில் அந்தச் சர்ச்சின் கூடத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவை சிறுத்தைகள் தொடங்கினார்கள். சர்ச்சைச் சேர்ந்த நடனக்கலைஞர் ரூத் பெக்ஃபோர்ட் கூட நின்று ஏற்பாடு செய்தார். முதல் நாள் 11 பிள்ளைகள் வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் 135 பேர். அக்கம்பக்கத்துக் கடைகளில் பொருள் கேட்டு வாங்கினார்கள். சிறுத்தைகளும் அந்தப் பகுதிச் சனங்களும் சேர்ந்து சமைத்துப் பரிமாறினார்கள். சாப்பாட்டோடு கருப்பர் வரலாறும் பேசப்பட்டது. பசி ஏன் வந்தது என்பதும் பேசப்பட்டது.

அமெரிக்க உளவுத்துறைத் தலைவர் எட்கர் ஹூவர் 1969இல் இந்தக் காலைச் சாப்பாட்டைப் பெரிய அபாயமாகக் கருதினார். அதை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று தன் ஆட்களுக்கு எழுதினார். முட்டையையும் ரொட்டியையும் பார்த்து அரசாங்கம் ஏன் நடுங்கணும்? சர்ச்சுகள் அதற்கு முன்னும் சோறு போட்டிருக்கின்றன, அதைப் பார்த்து எவரும் நடுங்கவில்லை. சோறு அதே சோறுதான். இந்தத் தடவை கரண்டி பசித்தவன் கையில் இருந்தது. ஏர்ல் நீல் செய்த பெரிய காரியம், கூடத்தைத் திறந்து கொடுத்துவிட்டு உள்ளே நடப்பதற்குத் தான் எசமான் ஆகாமல் இருந்ததுதான். இந்தச் சிறுத்தைகளின் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் எடுத்து ‘தலித் பேந்தர்’ என்று வைத்தார்கள். பெயரை வாங்கிக்கொண்ட நாம், அந்தக் கூடத்துக் கதையையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும், வரவேண்டியதும்தான். சர்ச்சை இவ்வளவு கிழித்த ‘கருக்கு’வை வெளியிட்டது யார்? மதுரையில் சேசு சபையார் நடத்திய சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம். 1994இல் ‘சங்கதி’யும் அங்கிருந்தே வந்தது. அதே மதுரையில் அரசரடி இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் பறைக்கு மேடை கொடுத்தது. அந்தக் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு, நம்ம சனத்துக்குப் பரட்டை, 2005இல் மறையும்வரை கிராமத்து மெட்டில் பாட்டு கட்டினார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் பங்கிட்டுச் சாப்பிடுவதுதான் கடவுள் குடும்பம் என்று சொல்லிக்கொடுத்தார். அப்போ சர்ச் நல்லதுதானே செய்திருக்கிறது என்பார்கள்.

இந்த உதாரணம் நம் வாதத்துக்குத்தான் பலம். அந்த மையத்தை நடத்தியவர்கள், தங்கள் சபையையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற புத்தகத்தைத் தங்கள் செலவிலேயே அச்சடித்தார்கள். பரட்டை நற்கருணையைச் சேரியின் உலைக்குக் கொண்டுவந்தார். இந்த இடங்களில் சாவி கை மாறியது. ஆனால் அது தனித்தனி மனிதர்களின் துணிச்சலால் நடந்த காரியம். ஒரு சாமியார் மாற்றலாகிப் போனால் பறை அடிக்கிற கூடத்தில் மறுபடியும் பட்டுச் சரிகையும் வீணையும் வந்து உட்கார்ந்துவிடலாம். நமக்கு வேண்டியது நல்ல சாமியார் மட்டும் அல்ல, சாமியார் மாறினாலும் மாறாத உரிமை.

அந்த உரிமை இன்னும் வரவில்லை என்பதற்குக் கண்ணுக்கு முன்னால் சாட்சி இருக்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களையே சாதி பார்த்துப் பிரிக்கச் சுவர் எழுப்பினார்கள். எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்ட பிரச்சினை 2008 மார்ச்சில் கலவரத்தில் முடிந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் செத்தார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் கொள்கை அறிக்கை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022இல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார், தலித் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. சந்தோஷம்தான். ஆனால் ரோமில் ஒருவர் சிவப்புத் தொப்பி போட்டால், சேரிக் கூடத்துப் பூட்டு தானாகத் திறந்துகொள்ளாது.

சமையல் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், தலித் பெண் சமைத்தால் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று அரசுப் பள்ளி சத்துணவுச் சமையலறையிலிருந்து ஒரு அம்மாவை விரட்டப் பார்த்தார்கள். சோறு வாங்கிக்கொள்ளும் வரிசையில் தலித் நிற்பது எவருக்கும் உறுத்தவில்லை. உலை வைக்கிற இடத்தில் நின்றதும்தான் ஊர் கொதித்தது. சமூகக்கூடத்திலும் விஷயம் இதுவே. வாங்குகிற வரிசையில் நமக்கு எப்போதும் இடம் உண்டு. அடுப்படியிலும் கணக்கு நோட்டிலும் நிர்வாகக் குழுவிலும்தான் இடம் இல்லை.

ஆகவே தலித் விமர்சனம் இந்தக் கூடங்களைப் பார்த்து எத்தனை பேர் பயன் பெற்றார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. வேறு நாலு கேள்வி கேட்கணும். வருகிற பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று தெருவில் வைத்து வாசிக்கிறார்களா? குழுவில் சேரிப் பெண்கள் பாதிக்கு மேல் இருக்கிறார்களா? சபையின் கல்லூரியில் இடம் கேட்கிற கூட்டத்தை அதே கூடத்தில் போட விடுவார்களா? பங்குச் சாமியாரைக் கண்டித்து அங்கேயே பறை அடிக்கலாமா? நாலுக்கும் ஆமாம் என்றால் அது நம்ம கூடம். இல்லை என்றால் அது நம்ம தெருவில் நிற்கிற அவங்க கூடம். அங்கே ட்யூஷனுக்குப் பிள்ளையை அனுப்புவோம், அது நம்ம உரிமை. பிள்ளை திரும்பி வந்ததும் சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்கச் சொல்லிக்கொடுப்போம், அது நம்ம வேலை.