எந்த ஆண்டின் பாலாசாகேப்?

கட்சி கெட்டுவிட்டது, நிறுவனர் காட்டிய வழிக்குத் திரும்புவோம் என்று ஒருவர் மேடையில் முழங்கினால், மும்பைத் தமிழர்களான எங்களுக்கு முதலில் எழும் கேள்வி: எந்த ஆண்டு காட்டிய வழி?

2022 ஜூனில் ஏக்நாத் ஷிண்டே சிவசேனாவை உடைத்தார். காங்கிரஸோடு சேர்ந்து உத்தவ் தாக்கரே கைவிட்ட, நிறுவனர் பாலாசாகேப் என்ற பால் தாக்கரேயின் இந்துத்துவத்தை மீட்கிறேன் என்றார். ஆனால் 1966 ஜூன் 19 அன்று சேனா பிறந்தது இந்துத்துவத்துக்காக அல்ல, மராட்டியருக்கு வேலை கேட்டு. அந்த வேலைகளில் உட்கார்ந்திருப்பதாகக் கைகாட்டப்பட்டவர்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியிருந்த தென்னிந்தியர்கள். அவருடைய 'மார்மிக்' வார இதழ் அலுவலகம் அலுவலகமாக அவர்கள் பெயர்களைப் பட்டியல் போட்டது. லுங்கியை விரட்டச் சொன்ன முழக்கத்தை எங்கள் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. இந்துத்துவம் முன்னுக்கு வந்தது எண்பதுகளில்தான். ஷிண்டே திரும்பியது இரண்டாம் அத்தியாயத்துக்கு. 2025 ஜூலை 5 அன்று வொர்லியில் மராத்திக்காக உத்தவும் ராஜ் தாக்கரேயும் ஒரே மேடை ஏறினார்களே, அது முதல் அத்தியாயம். இரண்டிலும் நாயகர் ஒருவரே.

மூலத்துக்குத் திரும்பு என்ற குரலுக்குப் பலம் இல்லாமல் இல்லை. பதவியில் இருப்பவரைத் தட்டிக்கேட்க, கொடி கட்டும் தொண்டனுக்குக் கிடைக்கும் ஒரே துணை நிறுவனரின் பெயர். அந்தப் பெயரைச் சொன்னால் துரோகி என்று அவனை உடனே ஒதுக்க முடியாது. இன்னொன்று: சேனாவை வளர்த்ததில் பேச்சுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு ஷாகாவுக்கும் உண்டு. குழாயில் தண்ணீர் வரவில்லையா, ஆம்புலன்ஸ் வேண்டுமா, அந்தத் தெருமுனை அலுவலகத்துக்குத்தான் ஓடுவார்கள். அதற்குத் திரும்பினால் எல்லோருக்கும் லாபம். ஏனோ அதை யாரும் கொள்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரே மனிதரின் சொல்லே சட்டமாக இருந்த கட்சியில், அவர் போனபின் எது மூலக்கொள்கை என்று யார் தீர்ப்பது? 2023 பிப்ரவரி 17 அன்று தேர்தல் ஆணையம் கட்சிப் பெயரையும் வில் அம்புச் சின்னத்தையும் ஷிண்டேவுக்குக் கொடுத்தது. கடைசியில் எடுபட்டது 55 எம்.எல்.ஏ.க்களில் 40 பேர் என்ற தலைக்கணக்கு. உட்கட்சித் தேர்தல் இல்லாமல் நிர்வாகிகளை நியமித்ததையும் ஆணையம் கண்டித்தது. அந்த நோய் வாரிசான உத்தவ் கொண்டுவந்ததல்ல, நிறுவனர் காலத்துச் சொத்து. மூலத்துக்குத் திரும்பினால் அதுவும் கூடவே வரும்.

2024இல் தாராவியும் செம்பூரும் அடங்கிய மும்பை தென்மத்தியத் தொகுதியில் இரண்டு சேனாக்களும் மோதின. காங்கிரஸ் கூட்டணியில் நின்ற உத்தவ் அணியின் அனில் தேசாய் வென்றார். 1966ஐ விட்டு விலகாமல் இருந்திருந்தால், அந்தக் கட்சி தாராவித் தமிழரிடம் எந்த முகத்தோடு ஓட்டுக் கேட்டு வந்திருக்கும்?