நடுவில் வரைபவர்கள்

முதல் தாளில் ஒரு சிறுமி இடப்பக்கம் பார்க்கிறாள். கடைசித் தாளில் வலப்பக்கம். இரண்டையும் வரைந்தவர் மூத்த அனிமேட்டர். இவை ‘கீ’ படங்கள். நடுவில் இன்னும் ஐந்து தாள் வேண்டும். அந்த ஐந்தையும் வரைய உட்காருகிறவரின் பெயர், படம் முடிந்து அரங்கில் விளக்கு எரிந்த பிறகு பொடி எழுத்தில் ஓடும். வேலைக்கு இன்பிட்வீன் என்று பெயர், ஆளுக்கு இன்பிட்வீனர். கையால் வரைந்த படமொன்றின் தாள்களில் பெரும்பங்கு இவர்கள் கையிலிருந்து வந்தது.

அனிமேஷன் பாணிகளைப் பிரித்துப் பேசுகிறவர்கள் பாத்திரத்தின் கண் எவ்வளவு பெரிது, பின்னணியில் என்ன வண்ணம் என்று பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் இன்பிட்வீன் அறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். நடுப்படத்தைத் தீர்மானிப்பது யார், அதை வரைகிறவர் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து எங்கே போக முடியும் என்ற கேள்விகளுக்கு ஒரு ஸ்டூடியோ என்ன பதில் வைத்திருக்கிறதோ அதிலிருந்துதான் அதன் பாணி பிறக்கிறது. கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஸ்வரம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியில்தான் பாணி இருக்கிறது.

இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதானே என்று வெளியிலிருப்பவர்களுக்குத் தோன்றும். போட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு கை மேலிருந்து கீழே வீசி இறங்குகிறது என்று வையுங்கள். தோள் அசையவில்லை. மேலே உள்ள விரல் நுனியையும் கீழே உள்ள விரல் நுனியையும் நேர்கோட்டால் சேர்த்து, அதன் நடுப்புள்ளியில் விரலை வைத்தால் கை குட்டையாகிவிடும். திரையில் அது சுருங்கி நீளும். விரல் நுனி வளைவில்தான் போக வேண்டும். தலை திரும்புவது இன்னும் சங்கடம். மூக்கு வில்லாக வளைந்து போகும், பாதி வழியில் முகவாய் சற்றுத் தாழும், பெரும்பாலும் இமை ஒருமுறை மூடித் திறக்கும். ஒரு காது மறைந்துகொண்டே போக, மறு காது முளைத்துக்கொண்டே வரும். முதல் தாளில் இருக்கும் காதுக் கோட்டுக்குக் கடைசித் தாளில் இணையே கிடையாது. எதற்கும் எதற்கும் நடுவில் வரைவது?

இதனால்தான் கீ படங்களுக்கும் நடுப்படங்களுக்கும் இடையில் ‘பிரேக்டவுன்’ என்று ஒரு படம் வந்தது. போகிற வழியைச் சொல்வது அது. போகிற வேகத்தைச் சொல்வது கீ படத்தின் ஓரத்தில் அனிமேட்டர் கிறுக்கும் சார்ட்: ஒரு செங்குத்துக் கோடு, அதில் குறுக்கே சிறு கோடுகள். அவை நெருங்கியிருந்தால் அசைவு மெதுவாகும், விலகியிருந்தால் வேகமெடுக்கும். பாதி, பாதியில் பாதி என்று கேட்டால் இன்பிட்வீனருக்குக் கவலையில்லை. மூன்றில் ஒரு பங்கு என்று குறித்துவிட்டால் கண்மதிப்பை மட்டுமே நம்ப வேண்டும். நல்ல அனிமேட்டர்கள் அந்த மூன்றிலொரு பங்குப் படத்தைத் தாங்களே வரைந்து கொடுத்துவிடுவார்கள். ஓர் அனிமேட்டர் உதவியாளரை மதிக்கிறாரா என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம்.

தொடக்கத்தில் இந்த வேலைப் பிரிவினையே இல்லை. அமெரிக்காவில் வின்சர் மெக்கே 1914இல் ‘கெர்ட்டி’ என்ற டைனோசரை ஆயிரக்கணக்கான தாள்களில் வரைந்தபோது அசைவு முழுவதும் அவர் கையால் வந்தது. உதவிக்கு இருந்தவர் பின்னணியைத்தான் படியெடுத்தார். ஆனால் முக்கிய நிலைகளை முதலில் வரைந்து, நடுவைப் பாதியாகவும் மறுபடி பாதியாகவும் பிரிக்கும் முறை அவரிடமே இருந்தது. அடுத்து ராவுல் பாரே தாளில் துளை போட்டுக் குமிழில் மாட்டும் பெக் முறையைக் கொண்டுவந்தார், ஏர்ல் ஹர்ட் ‘செல்’ என்ற ஒளிபுகும் தகட்டில் வரையும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். தாள் நகராமல் நின்றால் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடரலாம். நியூயார்க்கில் ஃப்ளெய்ஷர் ஸ்டூடியோ 1920களில் அதைச் செய்துகாட்டியது. அனிமேட்டர் டிக் ஹ்யூமரின் கீ படங்களுக்கு நடுவை நிரப்ப ஆர்ட் டேவிஸ் என்ற இளைஞரை உட்காரவைத்தார்கள். தொழிலின் முதல் இன்பிட்வீனர் என்று அவரைத்தான் சொல்வது வழக்கம்.

டிஸ்னி இந்த நாற்காலியைப் படிக்கட்டாக மாற்றினார். 1930களில் அங்கே சேர்ந்தவர்கள் பெரும்பாலும் இன்பிட்வீனில்தான் தொடங்கினார்கள். ஆலி ஜான்ஸ்டன் 1935இல் அப்படித்தான் நுழைந்தார். பிறகு ஃப்ரெட் மூரின் உதவியாளர், அதற்குப் பிறகு அனிமேட்டர். மூத்தவரின் கீ படத்தை விளக்குப் பலகையில் வைத்து நாள் முழுக்க அதன்மேல் வரைகிறவனுக்கு, எடை எந்தக் காலில் நிற்கிறது, துணி எந்தத் தாளில் பின்தங்குகிறது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே கைக்குள் இறங்கிவிடும். ஜான்ஸ்டனும் ஃப்ராங்க் தாமஸும் 1981இல் எழுதிய நூலில் வகுத்துத் தந்த 12 கோட்பாடுகளில் வளைவில் செல்வதும், மெல்லத் தொடங்கி மெல்ல அடங்குவதும் அடக்கம். இரண்டும் இன்பிட்வீன் மேசையில்தான் சோதனைக்கு வருகின்றன. டிஸ்னி மரபின் தர அளவுகோல் உருவத்தின் கனம். கன்னம் அமுங்கலாம், நீளலாம், ஆனால் அதன் கொள்ளளவு எந்தத் தாளிலும் குறையக் கூடாது.

அந்தப் படிக்கட்டின் அடியில் நின்றவர்களுக்குச் சம்பளம் குறைவு, வேலை அதிகம். 1937இல் ஃப்ளெய்ஷர் ஸ்டூடியோவில் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவர்கள் இன்பிட்வீனர்களும், மை போடுபவர்களும், வண்ணம் நிரப்புபவர்களும்தான். 1941இல் டிஸ்னி வாசலுக்கும் அது வந்தது. அதன் பின்விளைவு பாணியிலேயே தெரிந்தது. டிஸ்னியை விட்டு வெளியேறியவர்கள் சேர்ந்து வளர்த்த யுபிஏ ஸ்டூடியோ, 1950இல் ‘ஜெரால்ட் மெக்பாயிங்-பாயிங்’ குறும்படத்தில் கனத்தையே கைவிட்டது. உருவங்கள் தட்டை, ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குத் தாவல், நடுவில் தாள்கள் சொற்பம். படம் ஆஸ்கரும் வாங்கியது. கலைத் தேர்வாகத் தொடங்கிய இந்தச் சிக்கனத்தைத் தொலைக்காட்சி கணக்குப் புத்தகத்துக்குள் கொண்டுபோனது. ஹானா-பார்பெரா தொடர்களில் வாயும் கையும் மட்டும் அசையும், உடம்பு அப்படியே நிற்கும். யுபிஏவில் நடுப்படம் இல்லாதது ஓர் அழகு. இங்கே அது வெறும் மிச்சம் பிடித்தல்.

சோவியத் மரபைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். 1936இல் தொடங்கிய சோயுஸ்முல்த்ஃபில்ம் ஸ்டூடியோவில் இடைநிலைகளை வரைவதும் கோட்டைச் சுத்தப்படுத்துவதும் தனித்தனித் தொழில்கள். ‘பனி ராணி’ (1957) போன்ற படங்களின் மெருகு அந்தப் பிரிவினையிலிருந்து வந்தது. 1962இல் இயக்குநர் ஃபியோதர் ஹித்ருக் தட்டையான உருவங்களுக்குத் திரும்பியதும் அங்கேயும் அளவுகோல் மாறிவிட்டது.

ஜப்பானிடம்தான் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நடுப்படத்துக்கு இவ்வளவு எழுதப்பட்ட ஒழுங்கு வேறெங்கும் இல்லை. அங்கே அதற்கு டோகா என்று பெயர். பெக் தாளின் மேல்புறம் இருக்கும், இடக்கை விரல்கள் கீழ்முனைகளைப் பிடித்து மாறி மாறிப் புரட்ட, வலக்கை வரையும். எந்தத் தாள் எத்தனை கட்டம் நிற்கும் என்று குறிக்கும் டைம் ஷீட் ஒன்றில் 144 கட்டங்கள், அதாவது 6 விநாடி. கோடு ஒரே தடிமனில், எங்கும் அறுந்துபோகாமல் இருக்க வேண்டும். இன்று ஸ்கேன் செய்து கணினியில் வண்ணம் கொட்டும்போது ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் சட்டையின் நீலம் முகத்துக்குள் வழிந்துவிடும். நிழலின் எல்லையையும் ஒளிப்புள்ளியின் எல்லையையும் வண்ணப் பென்சிலால் தனியே குறிக்க வேண்டும். முடிந்த தாள்களைப் பார்த்துத் திருத்தவோ திருப்பி அனுப்பவோ டோகா சரிபார்ப்பாளர் என்று ஒருவர் இருப்பார்.

அவர்களுடைய உத்திகளில் ஒன்றை மட்டும் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு முகம் திரையில் இடமிருந்து வலமாக நகர்கிறது, ஆனால் வடிவம் அதிகம் மாறவில்லை. இரண்டு கீ படங்களையும் பெக்கிலிருந்து கழற்றி, கண்மேல் கண், மூக்கின்மேல் மூக்கு பொருந்தும்படி ஒன்றன்மேல் ஒன்று வைக்கிறார்கள். இப்போது துளைகள் விலகி நிற்கும். மூன்றாவது வெள்ளைத் தாளின் துளைகளை அந்த இரண்டு வரிசைக்கும் சரிநடுவில் நிறுத்தி நாடா ஒட்டிவிட்டு வரைய வேண்டியதுதான். வரைந்து முடித்து மூன்றையும் பெக்கில் திரும்ப மாட்டினால் முகம் தானே நடுவில் போய் உட்காரும். எங்கே வைப்பது என்ற கணக்கைத் துளைகள் பார்த்துக்கொள்கின்றன; ஓவியர் சாயலை மட்டும் கவனித்தால் போதும்.

விநாடிக்கு 24 கட்டம் என்பது திரைப்பட உலகத்துக்கே பொது. ஒரு தாளை இரண்டு கட்டத்துக்கு நிறுத்தினால் 12 தாள், மூன்றுக்கு நிறுத்தினால் 8. ஓவியர் தெசுகாவின் ‘அஸ்ட்ரோ பாய்’ 1963இல் வாராந்தரத் தொடராக வந்தபோது மூன்றுக்கு ஒன்று என்பது தவிர்க்க முடியாததானது. அதை ஏழ்மை என்று மட்டும் பார்ப்பது தவறு. எட்டே தாள் என்றால் ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்பது வெறிபிடித்த அக்கறையோடு தீர்மானிக்கப்படும். அனிமேட்டர் யோஷினோரி கானாதா நடுப்படமே கேட்காமல் நிலையிலிருந்து நிலைக்கு வெட்டிப் பாயவிட்டார். மிட்சுவோ இசோ இன்னும் ஒரு படி போய், நடுவில் வருவது உட்பட எல்லாத் தாளையும் தானே கீயாக வரைந்தார். நடுப்படத்தைத் தீர்மானிப்பது யார் என்ற கேள்விக்கு இது ஒரு பதில்: வேறு யாரும் வேண்டாம். என் ரசனை இந்தப் பக்கம்தான் சாய்கிறது என்றாலும் இது மேதைகளுக்கு மட்டும் கட்டுப்படியாகும்.

டோயெய் ஸ்டூடியோவின் தொடக்கக் காலம் வேறொரு பதிலைக் காட்டியது. 1963இல் ஹயாவோ மியாசாகி அங்கே சேர்ந்தது இன்பிட்வீனராகத்தான். 1965இல் வெளியான கல்லிவர் விண்பயணப் படத்தின் முடிவுக்கு அவர் ஒரு யோசனை சொன்னார்: இயந்திர இளவரசியின் ஓடு பிளந்து உள்ளிருந்து மனிதப் பெண் வரட்டும் என்று. அதை ஏற்றுக்கொண்டார்கள். அடிப்படியில் இருப்பவன் வாய் திறக்க முடிந்த அறை அது. அவரே பின்னாளில் நடத்திய ஜிப்லி ஸ்டூடியோ, 1989க்குப் பிறகு தாள் கணக்கில் கூலி கொடுப்பதை விட்டு மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுத்துப் பயிற்சியும் தந்தது. ‘பொன்யோ’வில் (2008) 1,70,000க்கு மேற்பட்ட தாள்களில் கடலலை தானும் ஒரு பாத்திரமாக உருண்டு வந்ததற்குப் பின்னால் அந்தச் சம்பளப் பட்டியல் இருக்கிறது. பிற இடங்களில் தாளுக்கு 200 யென் அளவில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூலியில் ஒருவர் அவசரப்படாமல் வரைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

இதற்குள் நாற்காலியே நாடு கடந்துவிட்டது. ‘சிம்ப்சன்ஸ்’ தொடரின் முக்கிய நிலைகள் லாஸ் ஏஞ்சலஸில் முடிவாகி, நடுப்படங்கள் சியோலில் வரையப்பட்டன. ஜப்பானும் டோகாவில் பெரும்பகுதியைக் கொரியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்பியது. கூலி மிச்சமானது உண்மை. ஆனால் மூத்தவரின் தாள்மேல் வரைந்து கற்ற இளைஞர்கள் இப்போது மூத்தவரின் ஊரில் இல்லை. டிஸ்னி போன்ற ஸ்டூடியோ கூட, கையால் வரையும் படங்களை 2011உடன் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பிறகு, பயிற்சியாளர்களைத் தேடி மறுபடி அறிவிப்பு கொடுக்க நேர்ந்தது.

இந்தியாவின் கதை இதற்குத் தலைகீழ்: இங்கே முதலில் மூத்தவர் வந்தார், நாற்காலி பிறகுதான் வந்தது. 1956இல் பம்பாயில் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்கு டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி கொடுத்தார். ‘பேனியன் டீர்’ (1957) அதன் பலன். அங்கே உருவான ராம் மோகன்தான் 1989இல் ஏவிஎம்மின் ‘ராஜா சின்ன ரோஜா’வில் ரஜினிகாந்தோடு ஆடிய கார்ட்டூன் உருவங்களுக்குப் பொறுப்பேற்றார். நடிகரோடு சேர்ந்து நடக்கும் வரைபடத்தில் நடுப்படம் கொடூரமாகக் கணக்குக் கேட்கும். நடிகர் விநாடிக்கு 24 முறை நகர்கிறார். வரைந்த கால் 12 முறை நகர்ந்தால் தரையில் வழுக்குவது போல் தெரியும். 1988இன் ‘ரோஜர் ராபிட்’ படத்தில் அனிமேஷன் இயக்குநர் ரிச்சர்ட் வில்லியம்ஸ் கட்டத்துக்கு ஒரு தாள் என்று பிடிவாதம் பிடித்தது அதனால்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த ராமாயண அனிமேஷன் படத்தில் யூகோ சாகோவோடும் கோய்ச்சி சசாகியோடும் ராம் மோகன் பெயரும் இயக்குநராக உண்டு, ஆனால் தாள்கள் வரையப்பட்டது ஜப்பானில். 2025 ஜனவரியில் தமிழிலும் அது திரைக்கு வந்தபோது குழந்தைகளோடு பார்த்தவர்கள், அம்பு விடுவதற்கு முன் ராமனின் தோள் பின்வாங்கும் அந்தப் பொறுமையைக் கவனித்திருக்கலாம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து இந்திய ஸ்டூடியோக்களுக்கு வெளிநாட்டு இன்பிட்வீனும், கோட்டைச் சுத்தப்படுத்தும் கிளீனப்பும் வந்து குவிந்தன. கை நன்றாகப் பழகியது. ஆனால் கீ படங்கள் வெளியிலிருந்தே வந்தன. அவற்றை வரைந்தவரைப் பார்க்கவோ, ஏன் இப்படி என்று கேட்கவோ வழியில்லை. திறமைக்குக் குறைவில்லாத எத்தனையோ பேர் நடுவிலேயே நின்றுபோனார்கள்.

கணினி இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று 1970களிலேயே நம்பினார்கள். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் பீட்டர் ஃபோல்டெஸ் ‘பசி’ (1974) குறும்படத்தைக் கணினி இடைப்படங்களால் செய்தார். உருவங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக உருகுகின்றன. அந்தப் படத்துக்கு அது பொருந்தியது. 1978இல் கணினி வரைகலை ஆய்வாளர் எட் கேட்மல் சிக்கலின் வேரைச் சொல்லிவிட்டார்: தாளில் இருப்பது முப்பரிமாண உருவத்தின் தட்டை நிழல், மறைந்த பக்கம் ஓவியரின் மனதில் மட்டும்தான் இருக்கிறது. நம் சிறுமியின் மறு காது கணினிக்கு எங்கிருந்து கிடைக்கும்? இன்றைய மென்பொருள்கள் சின்ன அசைவுகளில் நன்றாகவே ஒத்தாசை செய்கின்றன. தலை முழுதாகத் திரும்பும்போது யாராவது பென்சிலை எடுக்க வேண்டியிருக்கிறது.

ஜப்பானில் அனிமேஷன் தொழிலினர் சேர்ந்து 2023இல் தொடங்கிய நாஃப்கா என்ற அமைப்பு, அடுத்த ஆண்டே அனிமேட்டர்களுக்கான திறன் தேர்வு ஒன்றை நடத்தத் தொடங்கியது. அதன் தொடக்க நிலைகள் டோகா வரைபவர்களுக்கானவை. முன்பு பக்கத்து மேசையிலிருந்து கற்ற கோட்டையும் நடுப்படத்தையும் இப்போது பாடநூல் வைத்துப் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள்.