இராமானுஜத்தின் மிருகங்களும் நமது இருட்டும்

யாழ்ப்பாணத்தில் நவீன ஓவியம் பற்றிய பேச்சு பெரும்பாலும் குருநகர் தந்த அ. மாற்குவிலிருந்தே (1933-2000) தொடங்குகிறது. 1995 இடப்பெயர்வில் அவருடைய ஓவியங்கள் பல தொலைந்துபோயின. அழிவுகளினூடாகவே ஓவியத்தைப் பார்த்துப் பழகிய நாம், ஒரு படத்தில் இருள் தென்பட்டால் அதை யுத்தம் என்றும், மிருகம் தென்பட்டால் அதைக் கொடுமை என்றும் உடனே பொருள் கொண்டுவிடுகிறோம். இந்தப் பழக்கத்தை மறுபரிசீலனை செய்ய வைப்பவராகவே சென்னை ஓவியர் கே. இராமானுஜத்தை நான் காண்கிறேன்.

சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் கே. சி. எஸ். பணிக்கரின் மாணவராக இருந்தவர் அவர். 1966இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்தார். சென்னை கன்னிமரா ஹோட்டலுக்காகப் பெரும் சுவரோவியம் ஒன்றைச் செய்தார். 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். இந்த முடிவை முன்வைத்து அவரை 'மனநோயாளி', 'கனவுலகவாசி' என்று ஒதுக்கிவிடுவது எளிது. 1924இல் அந்திரே பிரெத்தோன் அறிக்கை வெளியிட்டுத் தொடக்கிவைத்த சர்ரியலிஸத்தின் வரிசையில் அவரைச் சேர்ப்பதும் எளிதுதான். இரண்டுமே அவருடைய கைத்திறனைப் பார்க்காமல் விட்டுவிடுகின்றன.

அச்சுப் பிரதிகளில் நான் கண்ட அவருடைய மைச்சித்திரங்களில் கோட்டைகளும் கோபுரங்களும் மாயாஜாலப் படங்களின் அரண்மனைகளைப்போல் அடுக்கடுக்காக எழுகின்றன. பாம்புகள் நெளிகின்றன, இறகு முளைத்த மிருகங்கள் பறக்கின்றன. நடுவே தொப்பி அணிந்த ஒரு மனிதன். அது அவரேதான் என்பர். இங்கே இருள் என்பது உழைப்பு. கோட்டின் மேல் கோடாக நுணுக்கமாகக் கீறிச் சேர்க்கப்பட்டது அது. வெளிச்சமோ பூசப்பட்டதல்ல. பேனா தொடாமல் விட்டுவைத்த தாள்தான் வெளிச்சம். மிருகங்களின் உடல்கள் இவ்விரண்டுக்கும் நடுவில், பாதி கீறப்பட்டும் பாதி விடப்பட்டும் நிற்கின்றன. ஆகவே அவற்றை இருளின் தரப்பிலோ ஒளியின் தரப்பிலோ நிறுத்த முடிவதில்லை. பாம்புகூட அங்கே பகையாக வருவதில்லை. அந்தத் தனிமனிதனுக்கு அவையே துணை.

இது நமக்கு முற்றிலும் அந்நியமான கலையன்று. உயிருருவம் வரைதல் பற்றி நம்மிடையே உள்ள விவாதத்துக்குள் நான் இங்கு நுழையவில்லை. ஆனால் பாரசீகத்திலும் துருக்கியிலும் இந்தியாவிலும் நம் எழுத்தணிக் கலைஞர்கள் பிரார்த்தனை வாசகங்களையே சிங்கமாகவும் பறவையாகவும் வளைத்தெழுதினார்கள். அலி (ரழி) அவர்களைக் குறிக்கும் சிங்க வடிவம் அவற்றுள் புகழ்பெற்றது. கறுப்பு மையின் வளைவு அங்கே மிருகமாகிறது. அந்த மிருகம் இழிவின் அடையாளமல்ல, கண்ணியத்தின் அடையாளம்.

இனி நமது எழுத்துக்கு வருவோம். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். இரண்டு மணித்தியால அவகாசமே தரப்பட்டது. இதைப் பாடும் நம் கவிதைகளில் ஓநாயும் பாம்பும் வெறிநாயும் எத்தனை முறை வந்துவிட்டன! அந்தக் கோபத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் செய்தவனை மிருகமென்று அழைக்கும்போது குற்றச்சாட்டு கூர்மையடைவதில்லை, மங்கிப்போகிறது. ஓநாய்க்குக் கட்டளை இல்லை, திகதி இல்லை, பொறுப்பும் இல்லை. வெளியேற்றத்துக்கு இவை மூன்றும் இருந்தன. அதைச் செய்தவர்கள் மனிதர்கள். நமது அயலவர்களின் மொழியில், நமது மொழியில், ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

இராமானுஜத்திடம் குறைகளும் உண்டு. அதே கோபுரம், அதே தொப்பி, அதே நெளிவு என்று திரும்பத் திரும்ப வருகையில் நுணுக்கம் வெறும் அலங்காரமாகிவிடுகிறது. வரலாறு அவருடைய தாளுக்குள் நுழைவதுமில்லை. நமக்கோ வரலாற்றை விட்டுவிட வழியில்லை. ஆனால் மிருகத்தின் மீது மனிதக் குற்றத்தைச் சுமத்தாத நேர்மையை அவரிடம் கற்கலாம். இருளை எழுதுவதற்குக் கோடு கோடாக உழைக்க வேண்டும் என்பதையும் கற்கலாம். 'இருண்ட காலம்' என்ற ஒற்றைச் சொல்லால் தாள் முழுவதையும் பூசி மெழுகிவிட்டால், அந்த நாளில் கதவைத் திறந்து தண்ணீர் தந்த அயல்வீட்டுக்காரிக்கு அதில் இடமிருக்காது. அவளுக்காகவும் கொஞ்சம் வெள்ளை விட்டுவைக்க வேண்டும்.