இரு கந்தசாமிப் பிள்ளைகள்: புதுமைப்பித்தனும் வடிவ எல்லைகளும்

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய புதுமைப்பித்தனை (1906–1948) இலக்கிய வரலாறுகள் ‘சிறுகதை மன்னன்’ எனப் போற்றுகின்றன. பட்டம் பொருத்தமானதே. ஆயினும் அவருடைய கவிதை, ஓரங்க நாடகம், மதிப்புரை, அரசியல் நூல் ஆகியன கதைகளின் பின்னிணைப்பாகச் சுருங்கியதற்கும் அப்பட்டமே காரணமாயிற்று.

கவிதைக்கு வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை என்றும் விமரிசனத்திற்கு ரசமட்டம் என்றும் அவர் பெயர் பூண்டார். வடிவத்திற்கொரு பெயர் என இதனை விளக்குவது எளிது. ஆனால் கவிஞரின் பெயர் கதைக்குள்ளும் நடமாடுகிறது. 1943இல் கலைமகளில் வெளிவந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில், சென்னை பிராட்வேயில் கடவுளைச் சந்தித்து, அவரிடமே தம் வைத்திய இதழுக்கு ஜீவிய சந்தா பெறும் பத்திரிகாசிரியரும் ஒரு கந்தசாமிப் பிள்ளையே. ஊர் மட்டும் வேறு: கதைமாந்தர் மேலகரத்தார். படைப்பாளர் எழுப்பிய சுவரில் அவரே வைத்த வாயில் இது எனலாம்.

‘திரு ஆங்கில அரசாங்கத் தொண்டரடிப்பொடியாழ்வார் வைபவம்’ என்னும் கவிதையின் தலைப்பே ஆழ்வார் பெயரையும் அரசாங்க விசுவாசத்தையும் பிணைத்துவிடுகிறது. துதி மரபைச் செய்யுளுக்குள் நின்று நகையாடும்போதுதான் அதன் குரல் அம்பலப்படும். உரைநடையில் அதே கருத்து வெறும் கண்டனமாக நின்றுவிடும். இதற்கு நேர்மாறானது ‘சாபவிமோசனம்’. சீதையின் தீக்குளிப்பைக் கேட்டு அகலிகை மீண்டும் கல்லாவதற்கு, காப்பிய நடையின் பெருமிதத்தைக் களைந்த உரைநடை தேவைப்பட்டது. எதை எதிர்கொள்கிறாரோ அதற்கேற்ப வடிவத்தைத் தேர்ந்தவர் அவர்.

ஆ. இரா. வேங்கடாசலபதியின் செம்பதிப்புகள் கதைகள், கட்டுரைகள், மொழிபெயர்ப்புகள் எனத் தனித்தனியே அமைந்தமை பாட ஆய்வுக்குரிய ஒழுங்கு. ஆய்வாளர் அதனையே வாசிப்பு முறையாக்கிக்கொள்வதுதான் சிக்கல். ‘புதுமைப்பித்தன் சிறுகதைகளில்…’ எனத் தொடங்கும் தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் எள்ளலை ஆராய்வனவும் கவிதைப் பக்கம் திரும்புவது அரிது.

அவர் எழுதிய அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. திரைப்பட எழுத்து பெரிதும் பிழைப்புக்கானது. கவிதைகளும் ‘செல்லம்மாள்’ எட்டிய உயரத்தை எட்டவில்லை. ஆனால் தரக்குறைவு மதிப்பீட்டின் முடிவாக இருக்கலாமேயன்றிப் படிக்காமைக்குக் காரணமாக இயலாது. கவிதைகளையும் கதைகளையும் வெளியான கால வரிசையில் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், எந்த எள்ளல் முதலில் செய்யுளில் உருப்பெற்றது, எது கதையிலிருந்து செய்யுளுக்குச் சென்றது என்பது புலப்படும். இரு பிள்ளைகளுள் மூத்தவர் யார் என்ற வினாவையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.