பாகை கூடினால் வானம் கூடுமா?

82 பாகை ஐபீஸ் ஒன்றில் முதன்முதலாகக் கண் வைத்த இரவை வான்நோக்குபவர் எவரும் மறப்பதில்லை. குழாயின் மறுமுனையில் ஒரு சிறு வட்டமாகத் தெரிந்த வானம் திடீரென்று கண்ணைச் சூழ்ந்துகொள்ளும். வட்டத்தின் விளிம்பு எங்கே என்று கண்ணை உருட்டித் தேட வேண்டியிருக்கும். அந்த வியப்பு பொய்யல்ல. ஆனால் அந்த வியப்பிலேயே பெருந்தொகை கொடுத்து வாங்கிவிட்டு, தங்கள் தொலைநோக்கியில் போட்டுப் பார்த்து ஏமாந்த நண்பர்கள் எனக்கு உண்டு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் பாகை எதை அளக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அது வானத்தின் அளவு அல்ல. கண்ணுக்கு அந்த வட்டம் எவ்வளவு அகலமாகத் தோன்றுகிறது என்பதன் அளவு. தோற்றப் புலம் என்று சொல்லலாம். வானத்தில் உண்மையாக அகப்படும் பரப்பு, மெய்ப் புலம், வேறு. தோற்றப் புலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் அது ஏறக்குறையக் கிடைக்கும். ஆர்வலர்கள் பலர் வைத்திருக்கும் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம். குவியத் தூரம் 1200 மி.மீ. அதில் 50 பாகை கொண்ட 32 மி.மீ. பிளாசல் ஐபீஸைப் போட்டால் உருப்பெருக்கம் சுமார் 37 மடங்கு, மெய்ப் புலம் 1.3 பாகை. அதை எடுத்துவிட்டு, விலை பல மடங்கு கூடிய 24 மி.மீ., 68 பாகை ஐபீஸைப் போடுங்கள். உருப்பெருக்கம் 50 மடங்காகும். மெய்ப் புலமோ அதே 1.3 பாகைதான். 1.25 அங்குல ஐபீஸ் குழாயின் உள்வாய் ஏறத்தாழ 27 மி.மீ.க்கு மேல் இடம் தராது. இரண்டு ஐபீஸ்களும் அந்த எல்லையை ஏற்கெனவே தொட்டுவிட்டன. கார்த்திகைக் கூட்டம் முழுவதும் ஒரே பார்வையில் வேண்டுமென்றால் 2 அங்குலக் குழாய்க்கு மாற வேண்டும். அதில் 30 மி.மீ., 82 பாகை ஐபீஸ் 2 பாகை வானத்தைத் தரும்.

அப்படியானால் கூடுதல் விலைக்கு என்ன கிடைக்கிறது? அதே வானம், கூடுதல் உருப்பெருக்கத்தில். இது சின்ன ஆதாயம் அல்ல. ஐபீஸிலிருந்து கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றை 5.3 மி.மீ.யிலிருந்து 4 மி.மீ.யாகக் குறுகும்போது வானத்தின் பின்னணி வெளிச்சம் கிட்டத்தட்டப் பாதியாகிறது. விண்மீன்கள் புள்ளிகள் என்பதால் அவை மங்குவதில்லை. ஊர் விளக்குகளால் சாம்பல் பூத்த வானத்தில் விண்மீன் கூட்டங்கள் துலங்கி எழுவது இதனால்தான். நெபுலாக்களுக்கும் இதே நன்மை உண்டு என்று சொல்வது மிகை. பின்னணி எவ்வளவு மங்குகிறதோ அதே அளவுக்கு நெபுலாவின் பரப்பும் மங்கும். அது பெரிதாகத் தெரிவது மட்டுமே லாபம்.

அகன்ற புலத்தின் மெய்யான வலிமை வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. பள்ளித் திடலில் ஒரு வான்நோக்கு நிகழ்ச்சி. டாப்சோனியனில் மோட்டார் இல்லை. கையால் தள்ள வேண்டும். 200 மடங்கில் சனிக்கோளை நடுவில் நிறுத்துகிறீர்கள். பூமி 4 நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்கிறது. 50 பாகை ஐபீஸில் மெய்ப் புலம் கால் பாகை; நடுவில் வைத்த கோள் அரை நிமிடத்தில் வெளியேறிவிடும். வரிசையில் நிற்கும் சிறுமி நாற்காலியில் ஏறிக் கண்ணைப் பொருத்துவதற்குள் அங்கே வெற்றிருட்டுதான் மிஞ்சும். 100 பாகையில் அவளுக்கு ஒரு நிமிடம் கிடைக்கிறது. கையால் தள்ளும் தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு அகன்ற ஐபீஸ் அவகாசத்தை வாங்கித் தருகிறது. மோட்டார் பொருத்திய தாங்கி உள்ளவருக்கு இந்த ஆதாயம் ஏறக்குறைய இல்லை.

இந்த அகலம் எளிதில் வந்ததல்ல. வியன்னாவின் பிளாசல் 1860-இல் வடித்த அமைப்பு இன்றும் 50 பாகையில் நிற்கிறது. முதல் உலகப்போர்க் காலத்தில் எர்ஃபிள் அகலத்தை 60 பாகைக்கு மேல் கொண்டுபோனார். ஆனால் விளிம்பு சிதைந்தது. அப்போலோ விண்வெளி வீரர்களின் நிலவிறங்கு பயிற்சிக் கருவிகளுக்கு ஒளியியல் அமைத்த ஆல் நாக்லர், டெலி வியூ நிறுவனத்தைத் தொடங்கி, 1980 வாக்கில் 82 பாகையை விளிம்புவரை கூர்மையாகத் தந்தார். 2007-இல் அதே நிறுவனத்தின் ஈத்தோஸ் 100 பாகையை எட்டியது. நாக்லரின் சாதனை விளிம்பின் கூர்மையில்தான் இருந்தது. அதைப் பின்தொடர்ந்த மலிவுச் சந்தை பாகையை எடுத்துக்கொண்டு கூர்மையை விட்டுவிட்டது. இந்தத் துறையில் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான்.

குவிய விகிதம் 10 உள்ள தொலைநோக்கியில் ஒளி மெல்லச் சரிந்து குவிகிறது. மலிவான அகன்ற ஐபீஸும் அங்கே தப்பித்துவிடும். விகிதம் 5 என்றால் ஒளி அதிகச் சரிவில் பாய்கிறது. அதே ஐபீஸின் வெளிப்புற மூன்றிலொரு பங்கில் விண்மீன்கள் சிறகு முளைத்த பூச்சிகளாகிவிடும். 70 பாகை வாங்கியவர் 45 பாகைதான் பயன்படுத்துகிறார். அந்த 45 பாகையைச் சாதாரணப் பிளாசல் கூர்மையாகவே கொடுத்திருக்கும்.

நல்ல ஐபீஸுக்கும் எல்லை உண்டு. இவ்வளவு அகலத்தில் கோடுகளை நேராகவும் வடிவங்களை மாறாமலும் ஒருசேரக் காட்ட ஒளியியல் இடம் கொடுக்காது. நிலவை விளிம்புக்கு நகர்த்தினால் முட்டையாக நீளும். எடை இன்னொரு சுமை. 31 மி.மீ. நாக்லர் ஏறக்குறைய ஒரு கிலோ. அதைப் பொருத்தினால் சிறிய டாப்சோனியன் தலை கவிழும். மூக்குக்கண்ணாடி அணிபவர், கண்ணை வில்லையோடு ஒட்டி வைக்கச் சொல்லும் ஐபீஸில் விளிம்பைப் பார்க்கவே முடியாது. அவருக்குப் பாகையைவிடக் கண் இடைவெளிதான் முக்கியம். மோட்டார்த் தாங்கியில் வியாழனின் பட்டைகளை நடுவில் வைத்து ஆராய்பவருக்கு எளிய ஆர்த்தோஸ்கோப்பிக் ஐபீஸே போதும்.

ஆகவே என் தீர்ப்பு இது. கையால் தள்ளும் தொலைநோக்கிக்கு 68 முதல் 82 பாகைவரை கொடுக்கும் காசு தகும். அதுவும் ஒரேயொரு நடுத்தர உருப்பெருக்கத்துக்கு. 100 பாகை அழகு, ஆனால் தேவை அல்ல. அந்தப் பணத்தில் பல அமாவாசை இரவுகள் ஊர் வெளிச்சம் தாண்டி மலையடிவாரம் போய்வரலாம். நம் அட்சரேகையில் தென்வானில் 30 பாகை உயரம்வரை ஏறும் ஒமேகா செண்டாரியை அங்கே பிளாசலில் பார்ப்பது, நகர மொட்டைமாடியில் ஈத்தோஸில் பார்ப்பதைவிட மேல்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் அதை இரவல் பெற்று உங்கள் தொலைநோக்கியிலேயே போட்டுப் பாருங்கள். பிரகாசமான ஒரு விண்மீனை விளிம்புக்குக் கொண்டுபோங்கள். குவியத்தைச் சற்றே திருப்பினால் அது கூர்மையாகிவிட்டால், புலம் வளைந்திருக்கிறது; பொறுத்துக்கொள்ளலாம். வெளிப்பக்கம் வால் நீண்டால் குற்றம் உங்கள் தொலைநோக்கிக் கண்ணாடியின் கோமா என்னும் பிழை, ஐபீஸைப் பழிக்காதீர்கள். உள்ளே திருப்பும்போது ஒரு திசையிலும் வெளியே திருப்பும்போது அதற்குக் குறுக்காகவும் கோடாக நீண்டால், அந்த ஐபீஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.