மூன்று உயிர், நான்காவது ஆட்டம்

‘பிக்ஸல்ஸ்’ (2015) படத்தில் வேற்றுக்கிரகவாசிகள் ‘ஆர்கனாய்டு’ ஆட்டத்தைக் கொண்டு தாஜ்மகாலைத் தகர்க்கிறார்கள். 1982-இல் விண்வெளிக்கு அனுப்பப்பட்ட ஒளிநாடாவைப் பார்த்து, அதிலிருந்த ஆட்டங்களை அவர்கள் ஆயுதமாக்கினார்கள் என்பது கதை. ஆர்கனாய்டு வெளிவந்ததோ 1986-இல். போகட்டும், அது சின்னப் பிழை. படத்தைக் கெடுத்த பிழை வேறு. பூமிக்கு மூன்று உயிர்தான் என்று படமே விதி வைக்கிறது. குவாமில் ஒன்று போகிறது, தாஜ்மகாலில் இன்னொன்று. நியூயார்க்கில் பேக்-மேனை வென்றும், மனிதர் தரப்பின் ஏமாற்று வேலை அம்பலமாகி மூன்றாவதும் பறிபோகிறது. ஆட்டம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் டாங்கி காங்கோடு மோத நாயகன் ஆடம் சாண்ட்லருக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைக்கிறது. காசு போட்டு ஆடும் ஆர்கேட் ஆட்டங்களை வைத்து எடுக்கும் படங்கள் ஏன் ஏமாற்றுகின்றன என்பதற்கு இந்த நான்காவது ஆட்டமே போதுமான சான்று. உருவங்களை எடுத்துக்கொள்கிறார்கள், விதியை விட்டுவிடுகிறார்கள்.

ஆர்கேட் இயந்திரம் ஆடுபவனைத் தோற்கடிக்கவே செய்யப்பட்டது. அவன் தோற்றால்தான் அடுத்த காசு விழும். 1978-இல் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தில், சுடச்சுட மிச்சமிருக்கும் எதிரிகளின் வேகம் கூடும். திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறையக் குறைய அந்தக் காலத்துச் சில்லு வேகமாக ஓடியதுதான் காரணம். கருவியின் போதாமையே ஆட்டத்தின் பதற்றமாகிவிட்டது. 1980-இல் வந்த பேக்-மேனில் சிவப்புப் பேய் நேராகத் துரத்தும். இளஞ்சிவப்புப் பேய் நாம் போகப்போகும் இடத்தைக் குறிவைக்கும். ஆரஞ்சுப் பேய் கிட்டே வந்ததும் விலகி ஓடும். இந்தப் போக்கை மனப்பாடம் செய்து 255 கட்டங்களைத் தாண்டினாலும் 256-ஆவதில் திரை பாதி சிதைந்துபோகும். வெற்றி என்று ஒன்று அங்கே கிடையாது, தோல்வியைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். ‘பிக்ஸல்ஸ்’ நாயகனும் இப்படிப் போக்கைப் படிப்பவன் என்றுதான் அறிமுகமாகிறான். ஆனால் லண்டனில் ‘செண்டிபீட்’ ஆட்டம் இறங்கியதும் துப்பாக்கியால் சுட்டுத் தீர்க்கிறான். மனிதர்கள் வண்ணக் கார்களில் பேய்களாகி பேக்-மேனைத் துரத்தும் பகுதியில் மட்டும் படத்துக்குக் கொஞ்சம் உயிர் வருகிறது. காரணம், அங்கே விதி தலைகீழாகத் திருப்பப்பட்டிருக்கிறது.

குழந்தைகளுக்கான நகைச்சுவைப் படத்திடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று கேட்கலாம். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு வந்த ‘ரெக்-இட் ரால்ஃப்’ படமும் குழந்தைகளுக்கானதுதான். இயந்திரத்தில் ‘பழுது’ அட்டை தொங்கினால் அதில் வாழ்பவர்கள் வீடிழப்பார்கள், தன் ஆட்டத்துக்கு வெளியே செத்தவன் மறுபடி எழமாட்டான் என்ற இரண்டு விதிகளில் அந்தப் படம் நிற்கிறது. ‘பிக்ஸல்ஸ்’ உலகம் முழுக்க 24 கோடி டாலர் வசூலித்ததே என்பது இன்னொரு வாதம். வசூலித்தது உண்மை. பேக்-மேன் முகத்துக்கு அந்த விலை உண்டு. அதைப் படத்தின் கணக்கில் எழுத முடியாது.

கனமான மறுப்பு ஒன்று உண்டு: காசு போட்டு ஆடிய அமெரிக்கச் சிறுவனின் ஏக்கம் தமிழ்நாட்டுக்காரருக்கு எதற்கு? தமிழ்நாட்டுச் சிறுநகரங்களில் இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் மணிக்கணக்கில் வாடகை வாங்கிய வீடியோ கேம் கடைகள் வழியாகவே வந்தன. கேசட்டை உருவி, வாயால் ஊதி, மறுபடி சொருகினால் படம் தெரியும். ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ என்ற ஆட்டத்தின் பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, எல்லோருக்கும் அது ‘முஸ்தபா’தான். ஆக, ஆர்கேட் ஆட்டங்களின் முகங்களும் பெயர்களும் இங்கே பாதிதான் வந்து சேர்ந்தன. ‘மூணு லைஃப்’ மட்டும் முழுசாக வந்தது. காசுக்குப் பதில் மணிக்கணக்கு என்றானபோதும் அந்த விதி மாறவில்லை. எல்லை தாண்டிப் போகக்கூடியது எது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் தேவையில்லை.

அஸ்வின் சரவணன் 2019-இல் எடுத்த ‘கேம் ஓவர்’ இதைப் புரிந்துகொண்ட படம். தமிழிலும் தெலுங்கிலும் எடுக்கப்பட்டு இந்தியிலும் வெளியானது. டாப்ஸி நடித்த ஸ்வப்னா வீடியோ கேம் வடிவமைப்பாளர், பேக்-மேன் ஆடுபவள், இருட்டுக்கு அஞ்சுபவள், கால்கள் முறிந்து சக்கர நாற்காலியில் இருக்கிறாள். முகமூடிக் கொலைகாரர்கள் வீட்டுக்குள் வரும்போது அந்த வீடே பேக்-மேன் பாதைகளாகிறது. பிரம்மாண்ட வரைகலை எதுவும் இல்லை. அவளுக்கும் மூன்று உயிர். முதல் இரண்டில் கண்டதை வைத்தே மூன்றாவதில் நகர்கிறாள். இது வெறும் காலச்சுழல் கதை, ஆர்கேட் படமல்ல என்பவர்களுக்கு: ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’ என்ற காலச்சுழல் படத்தின் நாயகன் எண்ணிக்கையின்றிச் சாகலாம், அதனால் அவன் சாவுக்கு எடை குறைவு. ஸ்வப்னாவுக்கு நான்காவது கிடையாது. குறை இல்லாமல் இல்லை. இறந்துபோன பெண்ணின் சாம்பல் கலந்த பச்சைக்குத்தல் அந்த உயிர்களைத் தருகிறது என்ற விளக்கம் திகிலுக்கு உதவுகிறது, ஆட்டத்துக்கு உதவவில்லை. ஆட்டத்தில் உயிர் அருளாக வருவதில்லை. தொடக்கத்திலேயே திரையின் ஓரத்தில் எண்ணி வைக்கப்பட்டிருக்கும்.