பல் சொல்லும் வரலாறும் சொல்லா வரலாறும்

எழுத்தையும் கல்வெட்டையும் மட்டுமே சான்றாகக் கொண்ட வரலாற்று நெறி, எழுத்தறியா உழைப்பாளரை வரலாற்றுக்குப் புறத்தே நிறுத்தியது. இரசாயனமும் உயிரியலும் தொல்லியலுடன் இணைந்தமை இக்குறையை ஓரளவு நீக்கியுள்ளது. வரக்காப்பொல அமைந்துள்ள கேகாலை மாவட்டத்தின் கித்துள்கல பெலிலென, இரத்தினபுரி மாவட்டத்தின் பட்டதொம்பலென ஆகிய குகைகள் இதற்குத் தக்க சான்றுகளாம்.

இக்குகைகள் உள்ளிட்ட இலங்கைத் தொல்லிடங்களிற் கிடைத்த 26 மனிதரின் பற்களை ஆராய்ந்த பற்றிக் றொபேட்ஸ், சிறான் தெரணியகல முதலியோர் தம் முடிவுகளை 2015இல் வெளியிட்டனர். அடர்காட்டு நிழலில் வளரும் தாவரங்களிற் காபன்-13 எனும் சமதானி குறைவு. வெட்டவெளிப் புற்களில் மிகுதி. உணவின் வழி அவ்வேறுபாடு பல் மிளிரியிற் பதிந்து, ஆயிரமாண்டுகள் கடந்தும் அழியாதிருக்கின்றது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே இம்மக்கள் பெரும்பாலும் மழைக்காட்டு உணவையே நம்பி வாழ்ந்தனர் என்பது இதனாற் பெறப்பட்டது.

வேளாண்மையின் துணையின்றி மழைக்காட்டில் மனிதர் நிலைத்து வாழ்தல் அரிது என 1980களில் மானிடவியலாளர் சிலர் வாதிட்டனர். அவ்வாதத்தை இப்பற்கள் மறுக்கின்றன. காடு வெறுமையான இயற்கையன்று. குரங்கையும் அணிலையும் வேட்டையாடி, காட்டு விதைகளைச் சேர்த்த கூட்டுழைப்பின் களம் அது.

எனினும், இம்முறையின் எல்லையையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும். உண்டது எது என்பதைப் பல் கூறும். உண்டதை எவ்வாறு பகிர்ந்தனர், எவர் உழைப்பு எவருக்குப் பயன்பட்டது என்பவற்றைக் கூறாது. உற்பத்தி உறவுகளை அறியச் சமூகவியல் நோக்கு இன்றியமையாதது. திணைக் கோட்பாட்டைப் பொருளாதார அடிப்படையில் விளக்கிய கா. சிவத்தம்பியின் ஆய்வு இவ்வகையில் நமக்கு வழிகாட்டியாகும்.

இவ்வகைச் சமதானி ஆய்வு எம்மொழியையும் எவ்வினத்தையும் சுட்டுவதில்லை. ஆயினும் ‘முதற்குடி யார்’ என்ற வினாவுக்கு விடையாகத் தொல்லெலும்புகளைக் காட்டும் போக்கு நம்மிடையே உண்டு. வம்சாவளியை அளவுகோலாக்கினால் நேர்வது யாது என்பதை இம்மாவட்டங்களின் தோட்டத் தொழிலாளர் நன்கறிவர். தந்தைவழிப் பிறப்புக்குச் சான்று கோரிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. எஞ்சியோருக்கு அவ்வுரிமையை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது.

காட்டை வாழ்விடமாக்கிய தொல்குடியையும், அக்காடு அழிக்கப்பட்ட சரிவுகளிலே தேயிலையும் இறப்பரும் வளர்த்த தொழிலாளரையும் இணைப்பது குருதியன்று, உழைப்பே. ஆய்வுகூடத்தின் முடிவுகளை இந்நோக்கிற் கற்பதே முற்போக்கு ஆய்வாளரின் கடனாகும்.